பழைய கணினிப் படங்களை இறுவட்டில் பதிதல்

(நூற்றாண்டு நிகழ்வுகளையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவைப் பற்றியோ குருதியமுக்கத்தைப் பற்றியோ பேசுவார் என்றுதான் நீங்கள் நினைத்திருப்பீர்கள். செயலாளரும் அப்படித்தான் நினைத்தார். நான்தான் தலைப்பை மாற்றித் தரும்படி கேட்டேன். இரண்டு மூன்று வருடங்களாக எங்கள் பழைய மாணவிகள் என்னைத் தேடி வருவது மருந்துக்காக மட்டுமல்ல. “கொம்பியூட்டரில கிடக்கிற வீடியோ ரீவியில ஓடுதில்லை, அம்மாவுக்குப் போட்டுக் காட்ட வேணும், என்ன செய்யலாம்?” என்று கேட்டும் வருகிறார்கள். நான் கணினி படித்தவள் அல்ல. ஒரு பிழை விட்டு, அந்தப் பிழையைத் திருத்துவதற்காக இதைக் கற்றுக்கொண்டவள். அந்தப் பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

2003ஆம் ஆண்டு, பாதை திறந்திருந்த காலம். இந்த மண்டபத்திலேயே பழைய மாணவிகள் நாங்கள் ஒரு நாடகம் போட்டோம். உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். பெண்கள் பாடசாலையில் ராணியும் நாங்கள்தான், ராசாவும் நாங்கள்தான். ராசாவாக வந்தவள் என்னுடைய வகுப்புத் தோழி, அப்போது வன்னியில் ஆசிரியை. பெரிய மீசை ஒட்டி, தொண்டை கரகரக்கப் பேசி, முன்வரிசையில் இருந்த எங்கள் பழைய அதிபரையே கண்ணில் நீர் வரச் சிரிக்க வைத்தவள். கனடாவிலிருந்து வந்திருந்த இன்னொரு தோழி அன்றைய நிகழ்ச்சி முழுவதையும் சிறிய கமெராவில் எடுத்து, கணினியில் ஏற்றி, மூன்று சீடிகளில் ஏவிஐ கோப்புகளாகப் போட்டு எங்களுக்குத் தந்தாள். நான் அவற்றை என் மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டு சீடிகளை யாருக்கோ இரவல் கொடுத்தேன். அவை திரும்பி வரவில்லை.

2006இல் மேற்படிப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். மடிக்கணினியின் வன்தட்டு 40 ஜிகாபைற்றுத்தான், அதுவும் நிரம்பிவிட்டது. ஏறக்குறைய நான்கு மணித்தியாலப் படத்தை ஒரே டிவிடியில் அடக்கினேன். இடம் போதாதென்று, ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் திரை விழுந்த பிறகு வரும் கைதட்டலையும் சளசளப்பையும் வெட்டினேன். ஒரு தரம் ஓடிப் பார்த்தேன், ஓடியது. பிறகு மூலக் கோப்புகளை அழித்துவிட்டேன்.

என் தோழி 2009இல் எங்களை விட்டுப் போனாள். அதைப் பற்றி இந்த மண்டபத்தில் நான் விளக்கத் தேவையில்லை. 2011இல் அவளுடைய தாயார் என்னைத் தேடி வந்தார். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் அவரிடம் மிஞ்சியது ஒரு கைப்பை. மகளின் படம் ஒன்றுகூட அதில் இல்லை. “பிள்ளை, நீங்கள் எல்லாரும் நடிச்ச நாடகம் உங்களிட்ட இருக்கெண்டு சொன்னவை” என்றார். இருக்கிறது அம்மா என்று சொல்லி டிவிடியை எடுத்துக்கொடுத்தேன். தங்கையின் வீட்டில் இருந்த பிளேயரில் போட்டுப் பார்த்துவிட்டு அடுத்த கிழமை வந்தார். “இது என்ர பிள்ளைதான். குரல் தெரியுது. ஆனா முகம் தெரியேல்லையே.”

நானும் போட்டுப் பார்த்தேன். நான்கு மணித்தியாலத்தை ஒரு தட்டில் நசுக்கியதால் முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. அதோடு அவளுக்கு மீசை. நாடகம் முடிந்து திரை மறுபடி விலகியபோது அவள் மீசையைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள் என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அந்தச் சிரிப்பைத்தான் நான் வெட்டி எறிந்திருந்தேன்.

ஏன் அப்படி முகம் உடைந்தது என்று தேடியபோதுதான் இந்தக் கணக்குப் புரிந்தது. சாதாரண டிவிடி ஒன்று 4.7 ஜிகாபைற்று கொள்ளும். தட்டின் அளவு மாறாது. அதற்குள் எத்தனை நிமிடம் போடுகிறோம் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு செக்கனுக்கும் கிடைக்கும் பங்கு கூடும் அல்லது குறையும். இரண்டு மணித்தியாலம் போட்டால் செக்கனுக்கு ஏறத்தாழ 5 மெகாபிற் கிடைக்கும். அது நல்ல அளவு. நான்கு மணித்தியாலம் என்றால் அதில் பாதி. ஒரு மணித்தியாலம் மட்டும் போட்டால் இரட்டிப்பாகுமா என்றால், முழுதாக ஆகாது. டிவிடி முறையில் படத்துக்கு 9.8 மெகாபிற்தான் உச்ச எல்லை. ஆகவே ஒரு தட்டுக்கு இரண்டு மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டு இன்றைக்கு என்ன விலை? இரண்டு தட்டு வாங்குங்கள்.

ரொறொன்ரோவுக்கு எழுதினேன். தோழி தன் வீட்டு நிலவறையில் பெட்டி பெட்டியாகத் தேடி மூன்று சீடிகளையும் கண்டெடுத்தாள். ஒன்று வாசிக்கவே மறுத்தது. மற்ற இரண்டும் வாசித்தன. நாடகம் இரண்டாவதில் இருந்தது. ஊருக்கு வந்த ஒருவரிடம் பென்ரைவில் போட்டு அனுப்பினாள். கோப்பைத் திறந்து நேராகக் கடைசி நிமிடத்துக்குப் போனேன். மீசை கையில் இருக்க அவள் சிரித்துக்கொண்டு நின்றாள்.

இனி வேலைக்கு வருவோம். அந்தக் கோப்பை அப்படியே டிவிடியில் இழுத்துப் போட்டு அந்த அம்மாவிடம் கொடுத்தேன். பிளேயர் ‘தட்டு இல்லை’ என்றது. பலரும் விடும் பிழை இது. கணினிக் கோப்பு ஒன்றைத் தட்டில் பிரதி செய்வது வேறு, டிவிடிப் படம் செய்வது வேறு. பழைய பிளேயர் ஒரே ஒரு முறையைத்தான் அறியும்: எம்பெக்-2 என்ற வடிவில் படம், அதற்கேற்ற அளவு, 48 கிலோஹேட்ஸ் ஒலி, இவையெல்லாம் ‘வீடியோ ரீஎஸ்’ என்ற கோப்புறைக்குள் அதற்குரிய பெயர்களோடு இருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது ஏவிஐ ஆகவோ, டபிள்யூஎம்வி ஆகவோ, றியல்பிளேயர் காலத்து ஆர்எம் ஆகவோ, பழைய கைத்தொலைபேசிப் படமாகவோ இருக்கும். அதை முதலில் மாற்ற வேண்டும், பிறகுதான் பதிய வேண்டும்.

(ஆங்கிலத்தில் இதை ‘எரித்தல்’ என்ற பொருளில் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் ஏட்டையும் படத்தையும் பற்றிப் பேசும்போது அந்தச் சொல்லைப் பாவிக்க எனக்கு மனமில்லை. நான் ‘பதிதல்’ என்றே சொல்கிறேன்.)

மாற்றுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். வீட்டில் உள்ள பிளேயரின் முகப்பைப் பாருங்கள். ‘டிவ்எக்ஸ்’ என்று எழுதியிருந்தாலோ, பென்ரைவ் செருகும் துவாரம் இருந்தாலோ, உங்கள் ஏவிஐ கோப்பு மாற்றாமலேயே ஓடக்கூடும். ஓடினால் இந்த உரையின் மிகுதி உங்களுக்குத் தேவையில்லை. தேநீர் பின்னால் வைத்திருக்கிறார்கள்.

ஓடாதவர்களுக்கு: காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. கடையில் கொடுத்தும் செய்விக்கலாம், ஆனால் கடைக்காரர் எவ்வளவு நசுக்குகிறார், எதை வெட்டுகிறார் என்று உங்களுக்குத் தெரியாது. விண்டோஸ் கணினிக்கு ‘டிவிடி ஃப்ளிக்’ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. நான் பாவிப்பது அதுதான். ‘டிவிடி ஸ்ரைலர்’ என்பது விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அழகான முகப்புப் பக்கம் செய்ய விரும்புபவர்களுக்கு அது நல்லது. இவற்றின் உள்ளே இருந்து உண்மையான மாற்று வேலையைச் செய்வது ‘எஃப்எஃப்எம்பெக்’ என்ற நிரல். 2000ஆம் ஆண்டில் பப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கியது, இன்று உலகமெங்கும் பலர் சம்பளமில்லாமல் வளர்த்து வருவது. கைவிடப்பட்ட கோப்பு வகைகளைக்கூட அது திறக்கிறது. படம் பார்க்க ‘விஎல்சி’ போதும்; பாரிஸில் ஒரு கல்லூரி மாணவர்களின் முயற்சியாக 1996இல் தொடங்கி, 2001இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. இவற்றை அவற்றுக்குரிய சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். நிறுவும்போது ‘அடுத்தது, அடுத்தது’ என்று அமத்திக்கொண்டு போகாமல் ஒவ்வொரு சரிக்குறியையும் வாசியுங்கள். வேண்டாத விருந்தாளிகள் அந்தச் சரிக்குறிகள் வழியாகத்தான் வீட்டுக்குள் வருவார்கள்.

டிவிடி ஃப்ளிக்கைத் திறந்தால் வெறும் பட்டியல் ஒன்று தெரியும். கோப்பை அதற்குள் சேருங்கள். இடது பக்கத்தில் ஒரு கோடு உயர்ந்துகொண்டு போகும். தட்டு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று அது காட்டும். பிறகு மூன்று விடயங்களை மட்டும் கவனித்தால் போதும்.

முதலாவது, ‘பாலா’, ‘என்ரிஎஸ்சியா’ என்று கேட்கும். பசுப்பால் அல்ல; தொலைக்காட்சி முறை. இலங்கை, இந்தியா, ஐரோப்பா, அவுஸ்திரேலியா எல்லாம் பால் முறை, செக்கனுக்கு 25 சட்டங்கள். கனடா, அமெரிக்கா என்ரிஎஸ்சி முறை, ஏறத்தாழ 30 சட்டங்கள். எங்கள் பக்கத்துப் பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டும். அங்குள்ள பிளேயர்கள் பல, பால் தட்டைத் திரும்பியும் பாரா. ஸ்காபரோவில் இருக்கும் அக்காவுக்கு அனுப்புவதென்றால் என்ரிஎஸ்சி, இலண்டனில் இருக்கும் தங்கைக்கு பால். எங்கள் நாடகம் கனடாக் கமெராவில் எடுத்தது, ஆகவே என்ரிஎஸ்சி. நான் முதலில் அதை பாலுக்கு மாற்றினேன். செக்கனுக்கு ஐந்து சட்டங்கள் போக, ராசா திக்கித் திக்கி நடந்தார். எடுத்த முறையிலேயே விட்டபோது சரியாக நடந்தார். வெளிநாட்டில் வாங்கும் சினிமாப் படங்களுக்கு இருக்கும் பிராந்தியப் பூட்டு நாம் வீட்டில் செய்யும் தட்டுகளுக்கு இல்லை, அந்தப் பயம் வேண்டாம்.

இரண்டாவது, படத்தின் வடிவம். பழைய படங்கள் நான்குக்கு மூன்று என்ற வடிவில் எடுக்கப்பட்டவை. அதை அகலத்திரை என்று கொடுத்தால் எல்லோரும் பக்கவாட்டில் பருத்துவிடுவார்கள். ஒரு பரிசளிப்பு விழாப் படத்தில் எங்கள் சங்கீத ரீச்சரை நான் அப்படி ஆக்கிவிட, “நான் எந்தக் காலத்தில் இப்பிடி இருந்தனான்?” என்று கேட்டார். முன்வரிசையில் இருக்கிறார், இப்போதும் சிரிக்கிறார்.

மூன்றாவது, ஒலி. கைத்தொலைபேசியில் எடுத்த படங்களில் சட்டங்களின் வேகம் சீராக இராது. தொடக்கத்தில் வாயும் குரலும் பொருந்தும். அரை மணித்தியாலத்தில் குரல் முந்திவிடும். ஆகவே தொடக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று முடிவு செய்யாதீர்கள், கடைசி ஐந்து நிமிடத்தைப் பாருங்கள்.

உடனே தட்டில் பதியவும் வேண்டாம். முதலில் வன்தட்டிலேயே ‘ஐஎஸ்ஓ’ என்ற ஒற்றைக் கோப்பாகச் செய்யச் சொல்லுங்கள். அதை விஎல்சியில் திறந்தால் டிவிடி போலவே ஓடும். அதில் திருப்தி என்றால் ‘இம்ஜ்பேர்ண்’ என்ற இலவச மென்பொருளால் தட்டில் பதியலாம். டிவிடி ஃப்ளிக்குடனேயே அதுவும் வந்துவிடும். வேகத்தைக் குறையுங்கள். 16 மடங்கு என்று தட்டில் எழுதியிருந்தாலும் நான் 4 மடங்கிலோ 8 மடங்கிலோதான் பதிகிறேன். 4 மடங்கில் முழுத் தட்டுக்குப் பதினைந்து நிமிடம்தான் ஆகும். அவசரம் என்ன? பதிந்த பின் சரிபார்க்கும் தெரிவை விட்டுவிடாதீர்கள். பதியும்போது மின்சாரம் போனால் அந்தத் தட்டு போயிற்று. எனவே மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் நேரம் பார்த்துச் செய்யுங்கள்.

இனி அந்த அம்மாவிடம் திரும்பப் போகிறேன். இரண்டாம் முறை தட்டு ஓடியது. நான் நல்லதென்று நினைத்து அழகான முகப்புப் பக்கம் செய்து, ஐந்து நிமிடத்துக்கொரு அத்தியாயமும் வைத்திருந்தேன். அவருக்கு அது பெரும் கரைச்சலாகிவிட்டது. எழுபது வயது, கண்ணில் வெண்புரை, றிமோற்றில் நாற்பது பொத்தான்கள். “பிள்ளை, போட்ட உடன அவள் வரமாட்டாளோ?” என்று கேட்டார்.

ஒன்றரை மணித்தியால நாடகத்திலிருந்து அவள் வரும் காட்சிகளையும் அந்தக் கடைசிச் சிரிப்பையும் மட்டும் ‘எவிடிமக்ஸ்’ என்ற இலவச மென்பொருளால் பிரித்தெடுத்தேன். பிரித்தது பிரதியிலிருந்துதான், மூலத்தைத் தொடவில்லை. முகப்புப் பக்கம் இல்லாமல், போட்டவுடன் ஓடும்படி பதினொரு நிமிடத் தட்டு ஒன்று செய்தேன். உங்கள் தாய்மாருக்கும் பெரியம்மாமாருக்கும் செய்யும்போது இதை நினைவில் வையுங்கள். முகப்பு வேண்டாம், அலங்காரம் வேண்டாம். அவர் இன்றைக்கும் மின்சாரம் இருக்கிற பின்னேரங்களில் அதைப் போடுகிறார் என்று தங்கை சொன்னார்.

அவர் கேட்ட இன்னொன்று, சுவரில் மாட்ட ஒரு படம். விஎல்சியில் ஓடும் படத்தை நிறுத்தி அந்தச் சட்டத்தை மட்டும் படமாக எடுக்கலாம். எடுத்தேன். பழைய கோப்பு 640க்கு 480 புள்ளிகள்தான், அஞ்சலட்டை அளவுக்கு மேல் பெருப்பித்தால் மறுபடி கட்டம் கட்டமாகும். ஸ்ரூடியோக்காரர் பெரிதாக்கித் தருகிறேன் என்றார், நான் வேண்டாம் என்றேன். அஞ்சலட்டை அளவிலேயே சட்டம் போட்டுக் கொடுத்தேன். ஒரு கையில் மீசையோடு, கொஞ்சம் கலங்கலாக, ஆனால் அவள்தான் என்று தெரிகிறது. அதே இடத்தை என் 2006ஆம் ஆண்டுத் தட்டிலிருந்து எடுத்திருந்தால், வெட்டாமல் விட்டிருந்தாலும்கூட, அது ஒரு முகமென்றே சொல்ல முடியாது.

இதனால்தான் சொல்கிறேன்: டிவிடி என்பது பார்ப்பதற்கான பிரதி, வைத்திருப்பதற்கானது அல்ல. எம்பெக்-2க்கு மாற்றும்போது கொஞ்சம் தரம் போகத்தான் செய்யும். எந்த மென்பொருளும் இல்லாத தெளிவைக் கொண்டுவராது. மூலக் கோப்பை, அது எவ்வளவு பழைய வகையாக இருந்தாலும், வெட்டாமல் மாற்றாமல் வைத்திருங்கள். ஒன்று உங்கள் கணினியில், ஒன்று வெளி வன்தட்டில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் ஒருத்தியிடம். என்னைக் காப்பாற்றியது ரொறொன்ரோவில் ஒரு நிலவறை.

தட்டுகளைப் பற்றியும் கொஞ்சம். பதியும் டிவிடியில் தகவல் இருப்பது ஒரு சாயப்படையில். வெளிச்சமும் வெப்பமும் அதற்கு ஆகாது. எங்கள் வெயிலில் காரின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பகல் கிடந்தாலே கவலைப்பட வேண்டும். விளிம்பில் பிடியுங்கள். மேலே கடதாசி ஒட்டாதீர்கள். ஒட்டிய என்னுடைய பழைய தட்டு நாற்பதாவது நிமிடத்தில் நின்று நின்று ஓடுகிறது. குமிழ்முனைப் பேனாவால் அமத்தி எழுதவும் வேண்டாம், தட்டுகளுக்கென்றே மென்மையான முனையுள்ள பேனா இருக்கிறது. நிமிர்த்தி, உறையில், இருட்டில் வையுங்கள். எத்தனை வருடம் நிற்கும் என்று கேட்காதீர்கள். சில வருடங்களுக்கு ஒரு தரம் எடுத்து ஓடிப் பாருங்கள்.

ஒரு அவசரமும் இருக்கிறது. 2014 ஏப்ரல் 8ஆம் திகதியோடு விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசொஃப்ற் நிறுத்தியதிலிருந்து பலரும் பழைய கணினிகளைக் கழிக்கிறார்கள். பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் உள்ளே இருக்கும் வன்தட்டைக் கழற்றி வையுங்கள். அதற்கு இருபது நிமிடமும் ஒரு திருப்பாணிச் செலுத்தியும் போதும். பேரப்பிள்ளை செய்து தருவான்.

இணையத்தில் ஏற்றுவது பற்றிச் சிலர் கேட்டார்கள். படத்தில் இருக்கும் பிள்ளைகள் இன்றைக்கு யாருடைய தாய்மார், எங்கே, எப்படி வாழ்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. கேட்காமல் ஏற்றாதீர்கள். தட்டில் பதிந்து கையில் கொடுப்பதில் அந்தச் சங்கடம் இல்லை.

நாளை சனிக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து கணினி அறையில் இருப்பேன். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேருக்கு இந்த வேலையைக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். என்னைவிட வேகமாகச் செய்கிறார்கள். உங்களிடம் இருக்கும் சீடி, பென்ரைவ், பழைய வன்தட்டு எதுவாக இருந்தாலும் கொண்டுவாருங்கள். மெய்வல்லுநர் போட்டியோ, வாணி விழாவோ, விடுதியில் பிறந்தநாள் கொண்டாடியதோ, எதுவும் சரி. நாங்கள் பிரதி எடுத்துக்கொண்டு உங்களுடையதை உங்களிடமே தருவோம். பார்ப்பதற்கு ஒரு டிவிடியும் தருவோம். யாருக்கு, எந்த நாட்டில் என்று மட்டும் சொல்லுங்கள். 2003 நாடகத்தின் முதலாவது சீடி, வாசிக்க மறுத்தது என்றேனே, அதன் பிரதி யாரிடமாவது இருக்கலாம். வரவேற்பு நடனமும் பழைய அதிபரின் பேச்சும் அதில்தான் இருக்கின்றன. நான் இரவல் கொடுத்த மூன்றும் உங்களில் ஒருவரின் அலுமாரியில் இருந்தால் கோபிக்க மாட்டேன், கொண்டுவாருங்கள்.